நேர்ப் பெட்டியும் சாய்ந்த பெட்டியும்

18.1.1986, சங்ககிரி

இன்று மானம் போனது.

வேலுசாமியின் மெல்லிசைக் குழு நம் லாரிப் பட்டறைக் கொட்டகையில்தான் ஒத்திகை பார்க்கிறது. பாட்டு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஈ மாட்டிக்கொண்டது போல ஒரு ஙொய்ய். "யாரப்பா அது, ஸ்பீக்கர்ல ஈ பூந்துருக்குது, தொரத்தி உடுங்க!" என்று கத்தினேன். பாட்டு நின்றது. எல்லோரும் சிரித்தார்கள். வேலுசாமி மட்டும் சிரிக்கவில்லை. "சென்னியண்ணா, அது உங்க கமலவேணி வாசிக்கிற கித்தாருங்க" என்றார்.

பெற்ற மகளின் வாசிப்பை ஈ என்ற தகப்பன் இந்த ஊரில் நான் ஒருவன்தான் இருப்பேன். வீணைக்குத் தங்கச்சி என்று நினைத்துத்தான் சேலத்துக்குக் கற்றுக்கொள்ள அனுப்பினேன். இது கரண்டில் உறுமுகிற தங்கச்சி என்று பிறகுதான் தெரிந்தது. உறுமினாலும் பரவாயில்லையே!

சிரிப்பு அடங்கியதும் வேலுசாமி சொன்னதுதான் நெஞ்சில் நிற்கிறது. "அண்ணன் சொன்னது நெசந்தானுங்க. மார்ச் ஒண்ணாந்தேதி பட்டறைச் சங்க ஆண்டு விழா. மொதப் பாட்டே கித்தார்லதான் ஆரம்பிக்குது. டிரம்முக்கு மேல கனமாக் கேக்கோணும். இல்லீன்னா சேலத்துல ஒரு தம்பி இருக்கறான், அவனைக் கூட்டியாந்துருவேன். புள்ள ஓரமா நின்னு சலங்கை வளையத்தை ஆட்டட்டும்."

கமலவேணி கித்தாரை உறையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். சோறும் உண்ணவில்லை. என் வீட்டுக்காரி முத்தாயம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கும் சோறு இறங்கவில்லை.

20.1.86

குற்றம் உள்ள நெஞ்சு சும்மா இருக்குமா? "லாரி கட்டறவனுக்கு ஒரு பொட்டி கட்டத் தெரியாதா சாமி? நான் கட்டறேன்" என்றுவிட்டேன்.

கமலவேணி வெளிநாட்டுப் புத்தகத்தில் கிழித்த இரண்டு படங்களைக் கொண்டுவந்தாள். இரண்டும் நெஞ்சு உயரப் பெட்டி, நாலு பெரிய ஸ்பீக்கர். ஒன்று முகம் செங்குத்தாக, சுவர் மாதிரி. இன்னொன்றில் மேல்பாதி மட்டும் ஈஸிசேரில் சாய்ந்தவன் போல பின்னால் சாய்ந்திருந்தது.

"எதுல கனமாக் கேக்கும்?"

"தெரியலீங்கப்பா. சாஞ்சது பாக்க நல்லாருக்குது."

"பாக்க நல்லாருந்து என்ன பண்ண? பாரம் தாங்கோணும்."

எட்டாவது படித்தவனின் விஞ்ஞானம் அவ்வளவுதான். முதலில் நேர்ப் பெட்டி.

2.2.86

பெட்டி முடிந்தது. கனமான பலகை, மூலைக்கு மூலை இரும்புப் பட்டை, போல்ட்டு. நாலு ஆள் இல்லாமல் நகராது. "இதுல மாடு ஏத்தலாமுங்களே" என்றாள் முத்தாயம்மாள். பழக்கதோஷத்தில் எலுமிச்சம்பழம்கூட நசுக்கினேன்.

கமலவேணியை வாசிக்கச் சொன்னேன். சளி பிடித்த எருமை மாதிரி இரைந்தது. ஏன்? பலகையா, ஸ்பீக்கரா? ராசியே என்னுடையதா?

3.2.86

ஓட்டை! அடிப்பலகையில் மழைத்தண்ணீர் வடிய நாலு ஓட்டை போட்டு வைத்திருக்கிறேன். லாரி என்று நினைத்துக்கொண்டது கை. காற்றெல்லாம் அதன் வழியாகத்தான் போகிறது. பட்டறையில் யாரிடமும் மூச்சு விடவில்லை. மக்குப் பசை வைத்து நானே அடைத்தேன்.

4.2.86

அடேயப்பா!

கொட்டகை வாசலில் நின்றேன். கமலவேணி காலால், சத்தத்தை உறும வைக்கிற ஒரு டப்பாவை மிதித்துவிட்டுக் கம்பியை ஒரே ஒரு இழுப்பு இழுத்தாள். பாரம் ஏற்றிய வண்டி பாலத்தில் ஏறினால் எப்படி அடிவயிற்றில் தெரியும், அப்படி. தகரக் கூரையிலிருந்து தூசி கொட்டியது. நான் வெற்றிவீரனாக உள்ளே போனேன். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு ஒண்ணுமே தெளிவாக் கேக்கலீங்கப்பா. எல்லாஞ் சத்தமும் என்ற முழங்காலுக்குத்தான் கேக்குது."

"முழங்காலை மடக்கிக் குனிஞ்சு கேளு."

"சினிமாக் கித்தார்க்காரனெல்லாம் அப்படியா நிக்கறான்?"

அதுவும் சரிதான்.

11.2.86

சாய்ந்த பெட்டியும் ஆயிற்று. ஸ்பீக்கர் நாலுதான் இருக்கிறது. அதில் கழற்றி இதில் பூட்டினோம். கமலவேணியின் முகம் மலர்ந்துவிட்டது. மேல் ஸ்பீக்கர் இரண்டும் அவள் காதைப் பார்த்துப் பேசுகின்றன. ஒவ்வொரு விரலும் கேட்கிறதாம்.

நான் வாசலுக்குப் போனேன். கேட்டது. ஆனால் அடிவயிற்றுக்கு வரவில்லை. சாய்த்ததில் உள்ளே இடம் குறைந்துவிட்டது, அதனாலா? என் காதைத்தான் ஊரே அறியுமே என்று டிரைவர் கைலாசத்தைக் கூப்பிட்டுக் கண்ணைத் துண்டால் கட்டி உட்காரவைத்தேன். மறுபடி கழற்றி, மறுபடி பூட்டி, முதலில் நேர்ப் பெட்டி, அடுத்துச் சாய்ந்தது என்று இரண்டையும் வாசிக்கக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "மொதல்ல வந்தது லோடு வண்டிங்க. இது அதே வண்டிதான், லோடை எறக்கிப்போட்டு வருது."

கமலவேணிக்குக் கோபம். "உங்களுக்கு எல்லாமே லாரிதானுங்களா?"

16.2.86

சண்டை. நான் நேர்ப் பெட்டி என்கிறேன், அவள் சாய்ந்த பெட்டி என்கிறாள்.

"கேக்கறது சனம். அவங்களுக்குக் கேட்டாப் போதாதா?"

"கண்ணக் கட்டிட்டு உங்களை லாரி ஓட்டச் சொன்னா ஓட்டுவீங்களா? என்ற கை என்ன வாசிக்குதுன்னு எனக்கே தெரியாம எப்படிங்கப்பா வாசிக்கறது?"

கதவை அடைத்துக்கொண்டாள். நானும் பீடி பற்றவைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அவள் கேட்டது நியாயம்தான். அதற்காக ஒப்புக்கொள்ளவா முடியும்?

23.2.86

டிரம்மோடு ஒத்திகை. கமலவேணி சாய்ந்த பெட்டியில் வாசித்தாள். பிசகே இல்லை. வாசலில் நின்ற வேலுசாமி, "ஈ கொஞ்சம் பெருசாயிருக்குதுங்கண்ணா, அவ்வளவுதான்" என்றார். ஆளை அடிக்கத் தோன்றியது. நேர்ப் பெட்டிக்கு மாற்றினோம். வேலுசாமி இரண்டடி பின்னால் போனார்! ஆனால் டிரம் சேர்ந்ததும் கமலவேணிக்குத் தன் சத்தம் தெரியவில்லை. இரண்டு இடத்தில் தப்பாக வாசித்தாள்.

வீட்டுக்கு வரும்போது அவளே சொன்னாள். "நேர்ப் பொட்டியே இருக்கட்டுங்கப்பா. எப்படியோ சமாளிச்சுக்கறேன்."

நான் சொன்னதுதான் நடக்கிறது. பிறகு ஏன் எனக்கு இப்படி இருக்கிறது?

2.3.86

நேற்று வீடு வந்து சேர நடு இரவாகிவிட்டது. இன்று எழுதுகிறேன்.

மலையடிவார மைதானம். கைலாசத்தின் லாரியில் நேர்ப் பெட்டியைக் கொண்டுபோய் மேடையில் இறக்கினோம். சேலத்துத் தம்பி கித்தாரோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். சலங்கை வளையம் மேடை ஓரத்தில் ஒரு நாற்காலியில்.

முதல் இழுப்பு. சனம் மொத்தமும் நிமிர்ந்தது! டிரம் சேர்ந்தது. அவ்வளவுதான், கமலவேணி தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பெட்டிப் பக்கம் குனிகிறாள். ஒரு இடம் தப்பியது. இன்னொன்று. வேலுசாமி நாற்காலியைப் பார்த்தார். பாட்டுக்காரர் பாட ஆரம்பித்தார். இரண்டு சரணம் முடிந்தால் மறுபடி கித்தார், இந்தத் தடவை தனியாக, நீளமாக.

பெட்டியைச் சாய்த்துக் கட்டினால் பாரம் போகிறது. கட்டாமல் சாய்த்தால்?

ஓடினேன். மைதானத்தின் கடைசியில், சரிவில் நின்ற லாரிக்கு. பின்சக்கரத்து முட்டுக்கட்டையை உருவினேன். "அண்ணா! ஹேண்ட்பிரேக் புடிக்காதுங்க!" என்று கைலாசம் அலறினான். "அப்ப ஏறி பிரேக்கை மிதி!" என்று கத்திவிட்டு, ஒரு கையில் வேட்டி, ஒரு கையில் கட்டை, சனத்தின் நடுவே ஓடி மேடை ஏறினேன். சங்கத்து ஆட்கள் இரண்டு பேர், பைத்தியம் என்று நினைத்தார்களோ என்னவோ, பிடிக்கக் கூடவே வந்து, நான் "தூக்குங்க!" என்றதும் பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கினார்கள். கட்டையை அடியில் தள்ளினேன். பெட்டி மொத்தமாகப் பின்னால் சாய்ந்து அவள் முகத்தைப் பார்த்தது.

அவள் ஒரு கம்பியைத் தொட்டாள். கண் விரிந்தது. "கேக்குதுங்கப்பா!"

அப்புறம் வாசித்தாளே, அதை எழுத எனக்குப் படிப்பு பத்தாது. விசில், துண்டு வீச்சு, ஒன்ஸ்மோர். டிரம்காரர் அவளைத் துரத்திக்கொண்டு வந்தார், பிடிக்க முடியவில்லை. அதே பாட்டை மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். சேலத்துத் தம்பியும் எழுந்து நின்று கை தட்டினான். நல்ல பையன்.

எல்லாம் முடிந்து லாரிக்குப் போனால் கைலாசம் இன்னும் பிரேக்கை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். "ஒண்ணும் பாக்கலீங்க. ஆனா இங்க கண்ணாடியெல்லாம் அதிருச்சு. லோடு வண்டிதான்!"

19.3.86

எடப்பாடிக் குழுவிலிருந்து ஆட்கள் வந்து, "நேர்ப் பொட்டி ஒண்ணு, கட்டையோட சேத்து" என்று கேட்டுப் போனார்கள். சாய்ந்த பெட்டியில் முத்தாயம்மாள் கோழி அடைக்கிறாள். வேலுசாமி குழுவின் புது நோட்டீஸ் வந்தது, கமலவேணி பெயர் இரண்டாவதாக இருக்கிறது. வளையம் ஆட்ட ஆள் கிடைக்காமல் வேலுசாமியே ஆட்டுகிறார்.

விழா அன்று கடைசியில் வேலுசாமி என்னை மேடைக்கு இழுத்து மைக்கைக் கையில் கொடுத்தார். சனம் மொத்தமும் அடங்கிக் காத்திருந்தது. கமலவேணியும் பார்த்துக்கொண்டிருந்தாள். "பொட்டியை எறக்க நாலு பேரு வாங்கப்பா" என்றேன். சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டேன்.

அங்கே இருந்தவர்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம்தான். இருந்தாலும் மைக்கில் ஒரு தடவை சொல்லியிருக்கலாம்: "அது என்ற புள்ளதானுங்க."