போர்மேன் வீட்டு வாசலில் உன் மருமகள்

என் சுண்டுப் பயலுக்கு,

உன் மருமகள் நடக்கிறாள்லே. யார் கையையும் பிடிக்காமல் தானாக நடக்கிறாள். முதலில் அவளை நடத்திக் கூட்டிப்போனது கோயிலுக்கு இல்லை. உங்கள் கம்பெனி போர்மேன் வீட்டு வாசலுக்கு.

நீ அவளைப் பார்த்தது பதினைந்து நாள்தான். அப்போது அவளுக்கு வேண்டியதும் கொஞ்சம்தான். பழைய வேட்டியைக் கிழித்த துணி, உன் மச்சான் வாங்கி வந்த கொசுவலை மெத்தை, அவ்வளவுதான். தொட்டிலை மட்டும் யாரையும் வாங்க விடவில்லை நீ. "தாய்மாமன் நான் இருக்கேன், மச்சான் எதுக்கு வாங்குறாக? சங்கிலியும் கட்டையும் நான் கொண்டாரேன். பதினாறாம் நாள் நீ சேலையை மட்டும் எடுத்து வையிக்கா" என்றாய்.

முந்தின நாளே சாத்தூரில் வாங்கிவிட்டாய். மறுநாள் வேலை முடிந்து நேரே இங்கே நாரணாபுரத்துக்கு வருவதாகச் சொல்லி, பையைப் பைக்கில் மாட்டிக்கொண்டு பட்டாசுக் கம்பெனிக்குப் போனாய். நான் சேலையை மடித்து மடியில் வைத்திருந்தேன். மதியம் சன்னல் அதிர்ந்தது. பிள்ளை வீறிட்டாள். பிறகு ஊரே உங்கள் கம்பெனிப் பக்கம் ஓடியது.

விசாரிக்க வந்தவர்களிடம் போர்மேன் என்ன சொன்னார் தெரியுமா? "அக்கா புள்ளைக்கு வாங்குன தொட்டில் சங்கிலியை மடியில வச்சுக்கிட்டே மருந்து ரூமுக்குள்ள போயிட்டான் சார். இரும்பு உரசித்தான் பத்திருச்சு." சங்கிலி வாங்கியதை நீ எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லியிருப்பாய். அதையே பிடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து என் பிள்ளை மாமனை முழுங்கின பிள்ளை. பால் குடிக்கிற வாய்க்கு அப்படி ஒரு பேர்.

மூன்றாம் நாள் உன் மச்சான் கம்பெனி வாசலில் நின்ற உன் பைக்கை எடுத்து வந்தார். பை அதிலேயே தொங்கியது. கடைக்காரர் சுற்றிக்கொடுத்த தாள்கூடப் பிரியவில்லை. விசாரித்தவர்களிடம் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். "இதை நீங்க அப்புறமும் வாங்கியிருக்கலாம்லம்மா" என்று எழுதின தாளை மூடிவிட்டார்கள்.

கயிற்றில் கட்டு, ஸ்பிரிங் தொட்டில் வாங்கு, அந்தச் சங்கிலி மட்டும் வீட்டில் இருக்கக் கூடாது என்று சொல்லாதவர்கள் இல்லை. நான் அதைத்தான் மாட்டினேன். பிள்ளை பார்க்க வந்தவர்களுக்கு முதலில் அதைத்தான் காட்டினேன்.

"இதுவா அது?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"ஆமா மதினி, வெடிச்சுச் சிதறிப்போன சங்கிலி. நல்லா ஆட்டிப் பாருங்க."

எட்டு மாதத்தில் பிள்ளை எதையாவது பிடித்து நிற்கத் தொடங்கினாள். அப்போது போர்மேன் பெண்சாதி ஒரு வாக்கர் கொண்டு வந்தாள். பொத்தானை அமுக்கினால் பாட்டுப் பாடும். "நடந்தது நடந்து போச்சு. புள்ளை முகத்துக்காக மறந்துருங்க" என்றாள்.

"எது பத்த வச்சதுன்னு உங்க வீட்டுக்காரரை வந்து புள்ளைகிட்டச் சொல்லச் சொல்லுங்க. மறந்துருதேன்."

வாக்கரை வைத்துவிட்டுப் போனாள். நான் அதைத் தெருவில் உருட்டிக்கொண்டே போய் அவள் வாசலில் விட்டேன். வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தது சனியன். ஊசி போட வரும் நர்சம்மாவும் வாக்கர் ஆகாது, கால் பழகாது என்றார். மரத்தில் நடைவண்டி வாங்கினோம். மூன்று சக்கரம், நல்ல கனம். அதைத் தள்ளித்தான் உன் மருமகள் நடை பழகினாள்.

நடை வந்ததும் செருப்பு வாங்கப் போனேன். மிதித்தால் கீக்கீ என்று கத்துகிற செருப்பு கேட்டேன். கடை பாய் ஒன்றை எடுத்துவிட்டு, "இது ரொம்பக் கத்தும்மா. காது போயிரும். சன்னமா கத்துறது இருக்கு, தரட்டா?" என்றார்.

"கத்துறதே குடுங்க பாய். ஒரு ஆளுக்குக் காது கேக்க மாட்டேங்குது."

தினமும் சாயங்காலம் போர்மேன் தெருவில் நடக்கிறோம். முதலில் சன்னலைச் சாத்தினார். பிறகு டிவி சத்தத்தைக் கூட்டினார். பதினோராம் நாள் கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"ஏம்மா தினமும் வந்து உசுரை எடுக்குற?"

"யாரு உசுரை, அண்ணாச்சி?"

வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். பகை தெரியாத பிள்ளை, போய் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் அவளைப் பார்த்தே சொன்னார். "உன் மாமன் அன்னைக்கு வெள்ளனவே போகட்டான்னு கேட்டான். தொட்டில் கட்டணும்னான். சீசன் நேரம், ஆர்டர் நிக்குது. மிச்ச மருந்தையும் கலக்கிட்டுப் போன்னு நான்தான் சொன்னேன்."

உச்சி வெயிலில் மருந்தைத் தொடக் கூடாது, அந்தச் சூட்டில் கை வேகமாக உரசினாலே பற்றிக்கொள்ளும் என்று நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்கும் தெரியும்.

"இதை விசாரிச்சவககிட்டச் சொல்லுங்க, அண்ணாச்சி."

"சொன்னா என்னை உள்ள வச்சிருவாகம்மா."

"அப்ப நாளைக்கும் வாரோம்."

போனோம். இன்றைக்கும் போய்விட்டுத்தான் எழுதுகிறேன். சுண்டு, உனக்குச் சத்தியம் செய்கிறேன். இவள் கால் வளர வளர, இதைவிடக் கத்துகிற செருப்பாகத் தேடி வாங்குவேன். பள்ளிக்கூடம் போகும்போதும் அந்தத் தெரு வழியாகத்தான் கூட்டிப்போவேன். அவர் கைப்பட எழுதிக் கொடுத்து உன் பேரும் இவள் பேரும் சுத்தமாகிற வரைக்கும் அந்த ஆளை நிம்மதியாகச் சோறு தின்ன விடமாட்டேன்.

ஆனால் ஒன்றை யாரிடமும் கேட்க முடியவில்லை. நீ நிதானக்காரன். உன் கை பதறி நான் பார்த்ததில்லை. சேலையோடு அக்கா காத்துக் கிடப்பாளே என்றுதான் அன்றைக்குக் கையை வேகமாக ஓட்டினாயா லே?

உன்னை இடுப்பில் வைத்து வளர்த்த
அக்கா