கட்டிங் மாஸ்டர் ஒட்டித் தந்த உறை

பிப்ரவரி 4

அன்புள்ள குண்டனுக்கு,

அப்பாவின் கால் வலி எப்படி இருக்கிறது? நீ கடிதம் போட்டு இரண்டு மாதம் ஆகிறது. கடையில் அத்தனை வேலையா, இல்லை சோம்பேறித்தனமா?

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்களுக்குத் தலைமைப் பயிற்சி நடத்துகிறார்கள். மொத்தமே பன்னிரண்டு இடம். கிடைத்தால் ஆய்வகத்தில் எனக்கென்று ஒரு குழு. இல்லாவிட்டால் பேராசிரியருக்குப் பின்னால் ஃபைல் தூக்கிக்கொண்டே திரிய வேண்டியதுதான். எனக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. இருப்புக்கொள்ளவில்லையடா.

என் கீழ் வேலை பார்த்த ஒருவர் என்னைப் பற்றி எழுதி, உறையை ஒட்டித் தர வேண்டும். நான் அதைப் பிரிக்காமல் கொடுக்க வேண்டும். ஆறு வருடத்துக்கு முன் அப்பா காலை உடைத்துக்கொண்ட அந்த ஆறு மாதம் நம் தையல் கடையை நான்தானே நடத்தினேன்? நீ இஸ்திரி போட்டாய். எழுது. கடை குறையில்லாமல் நடந்தது, கண் மங்கியதால் கட்டிங் மாஸ்டர் மட்டும் விலகினார் என்று விண்ணப்பக் கட்டுரையில் சொல்லியிருக்கிறேன். நீயும் அதையே சொல். படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். இருபத்தேழாம் தேதி கடைசி நாள்.

அக்கா

பிப்ரவரி 13

டேய்,

ஒன்பது நாள் ஆகிவிட்டது. தபால்காரர் என்னைக் கண்டாலே வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார். என்னிடமுள்ள படிவத்தை நான்கு தடவை சரிபார்த்துவிட்டேன். நாலு வரி எழுத உனக்கு நல்ல நேரம் பார்க்க வேண்டுமா?

அக்கா

பிப்ரவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் சொன்னால் கத்துவாய், அதனால் எழுதுகிறேன். நான்கு தடவை சரிபார்த்தாயே, எனக்கு அனுப்பிய படிவத்தின் பின்பக்கத்தைப் பார்த்தாயா? உறவினர் எழுதக் கூடாது என்று போட்டிருக்கிறது. நான் உன் தம்பி, ஞாபகம் இருக்கட்டும்.

இன்னொன்று. மாஸ்டருக்குக் கண் நன்றாகத்தான் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க் கடையில் இன்றும் கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோக்கிறார். அவர் வெட்டிய ஒவ்வொரு துணியையும் நீ வாடிக்கையாளர்கள் முன்னாலேயே திரும்ப அளந்தாய். "பாப்பாவுக்கு என் கை மேல நம்பிக்கை இல்ல தம்பி. இனிமே இங்க நின்னா எனக்கு மரியாதை இல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். மேல்படிப்புக்குக் கிளம்புகிற பெண் அழுதுகொண்டு போகக் கூடாதென்று அப்பா கண் கதையைக் கட்டினார். நானும் வாயை மூடிக்கொண்டேன். அது தப்பு.

உன் கீழ் வேலை பார்த்த வேற்று ஆள் அவர் ஒருத்தர்தான். போய்க் கேட்டேன். கத்தரியைக் கீழே வைத்தார். பிறகு, "என்ன எழுதினாலும் பாப்பா பாக்காதுல்ல?" என்றார். "பாக்காது" என்றேன். மறுநாள் ஒட்டிக் கொடுத்தார். இத்துடன் இருக்கிறது. உள்ளே என்னவென்று எனக்குத் தெரியாது. நிறைய எழுதியிருக்கிறார் போல, கனக்கிறது.

கோபித்துக்கொள்ளாதே.

தம்பி

பிப்ரவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

ஆறு வருடமாக என்னை முட்டாளாக்கி வைத்திருந்தீர்கள். ஒரு இஞ்சு தப்பினால் நானூறு பள்ளிச் சீருடை வீண், அளக்காமல் என்ன செய்வதாம் என்று அறையில் தனியாகக் கத்தினேன். பக்கத்து அறைப் பெண் கதவைத் தட்டி, "யார் கூட சண்டை?" என்றாள்.

நான்கு நாள் அந்த உறையோடு அலைந்தேன். ட்யூப்லைட்டில் பிடித்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. ஆவியில் காட்டிப் பிரிக்கலாமென்று கெட்டிலைக்கூடப் போட்டேன். தண்ணீர் கொதித்தது. வெட்கமாகிவிட்டது. திட்டியிருந்தால் திட்டட்டும், அவருக்கு அந்த உரிமை உண்டு.

கட்டுரையில் கண் கதையை அடித்துவிட்டு, அவர் போன உண்மைக் காரணத்தை எழுதினேன். இன்று காலை எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன். உறையைப் பிரிக்கவில்லை. இடம் கிடைக்காது என்றுதான் தோன்றுகிறது.

முடிவு வர மூன்று வாரமாகும். சனிக்கிழமை பஸ் ஏறி நேராக மாஸ்டர் கடைக்குப் போகிறேன். அவரிடம் முன்கூட்டிச் சொல்லாதே. முடிவு தெரிந்த பிறகு போனால் நன்றி சொல்ல வந்ததாகவோ சண்டைக்கு வந்ததாகவோ நினைப்பார். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன் என்று நம்பவே மாட்டார்.

அக்கா