ஏரி உறைவதற்குள் ஓர் ஆசிரியர்

அன்பு மகள் சிர்க்காவுக்கு, அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நானும் அப்பாவும் இந்த வயதுக்கு எவ்வளவு சுகமாக இருக்க முடியுமோ அவ்வளவு சுகமாக இருக்கிறோம், நீயும் குழந்தையும் டப்ளின் மழையில் சளி பிடிக்காமல் இருக்கிறீர்களா என்பதுதான் என் கவலை. போனில் பேசினால் பாதியில் அறுந்துபோகிறது, மீதிப் பாதியில் நீ அழுகிறாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். தண்டர் பே டவுனில் எங்களுக்காக நீ பார்த்து அனுப்பிய அடுக்குமாடி வீட்டுப் படங்களை இருவரும் பார்த்தோம். நல்ல வீடுதான், லிஃப்ட் இருக்கிறது, எதிரிலேயே ஆஸ்பத்திரி. உன் அப்பா பார்த்துவிட்டு, "ஜன்னலைத் திறந்தா இன்னொருத்தன் ஜன்னல். அங்க போய் சாகறதுக்கு இங்கயே செத்துட்டுப் போறேன்" என்றார். கோபித்துக்கொள்ளாதே, உனக்கும் அதே வாய்தானே.

வசந்தத்தில் நெஞ்சுவலி வந்ததும் டாக்டர் இனி நீங்கள் விமானம் ஓட்டக்கூடாது என்று சொன்னது உனக்குத் தெரியும், அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் முழுதாகச் சொல்லவில்லை. ரோடு இல்லாத ஏரிக்கரையில் விமானம் இல்லாதவர்கள் கால் இல்லாதவர்கள். மருந்துக்கும் மாவுக்கும் ஒவ்வொரு தடவையும் வாடகை விமானத்தைக் கூப்பிட்டால் கட்டுப்படியாகுமா? என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது, தண்ணீரில் இறங்க மிதவை வைத்த விமானம் ஓட்டவும் அனுமதி இருக்கிறது, ஆனால் நான் பழகியது சின்ன விமானம், நம் வீட்டுச் செஸ்னா அதைவிடக் கனம், முரட்டுப் பிறவி. காப்பீட்டுக் கம்பெனிக்காரர்கள், இருபத்தைந்து மணி நேரம் ஆசிரியரோடு பறக்க வேண்டும், பிறகு தனியாகச் சில தடவை, அதற்குப் பிறகுதான் பக்கத்தில் ஆளை ஏற்றலாம் என்று சொல்லிவிட்டார்கள். காப்பீடே இல்லாமல் பறப்போம் என்றார் அப்பா. டவுன் படகுத்துறையில் காப்பீடு இல்லாத விமானத்தைக் கட்ட விடமாட்டார்கள், கட்டவிட்டாலும் நான் ஏறமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். ஏரி உறைந்தால் மிதவையில் பயிற்சி நடக்காது, அதற்குள் முடியாவிட்டால் குளிர்காலத்துக்கு டவுனுக்குப் போய்விடுவது என்று அன்றைக்கே பேசிக்கொண்டோம். ஒரு தடவை போனால் திரும்பி வரப்போவதில்லை என்று இரண்டு பேருக்குமே தெரியும், அதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அப்புறம் நாங்கள் செய்த கூத்தைக் கேள். ஜூலையில் டவுனிலிருந்து பிராடி என்று ஒரு பையனைக் கூட்டிவந்தோம், ஆசிரியர் லைசென்ஸ் உள்ளவன், தங்கமான பிள்ளை, ஏலக்காய் போட்டு நான் சுட்ட புல்லா ரொட்டியை உட்கார்ந்த இடத்திலேயே முடித்தான். அவனோடு ஒரு வாரம் பறந்து நான் தலைநிமிர்ந்து இறங்கியபோது நம் காப்பீட்டு முகவர் கார்னெட் போன் செய்து, "ஹெல்வி, மாணவிக்குப் போட்ட நிபந்தனையைப் படிச்சீங்க, வாத்தியாருக்குப் போட்டதைப் படிச்சீங்களா?" என்றார். ஆசிரியரும் இதே ரக விமானத்தில், மிதவையோடு, நூறு மணி நேரமாவது பறந்திருக்க வேண்டுமாம். பிராடியோ அதில் ஏறியதே என்னோடுதான். பறந்ததெல்லாம் ஆற்றில் கரைத்த புளி. அந்த நூறு மணி நேரத்தை அவன் எங்கே போய்ச் சேர்ப்பான், காப்பீடு இல்லாமல் யார் அவன் கையில் விமானத்தைக் கொடுப்பார்கள் என்று கேட்டேன். கார்னெட் சிரித்துவிட்டு, "அதைத்தான் நானும் பதினஞ்சு வருஷமா கேட்டுட்டு இருக்கேன்" என்றார். உன் அப்பாவுக்கு அந்த விமானத்தில் எத்தனை ஆயிரம் மணி நேரம் இருக்கும், ஆனால் அவர் ஆசிரியர் இல்லை, அது கணக்கில் வராது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் முழுக்க வேறு ஆசிரியரைத் தேடிப் போன்தான். கெனோராவில் ஒருவர் காது கேட்கவில்லை என்று போன வருஷமே நிறுத்திவிட்டார். இன்னொருவர் காட்டுத்தீ வேலையில் இருந்தார், மூன்றாமவர் நாட்டின் மேற்குக் கோடியில் இருக்கும் தன்னுடைய ஏரிக்கு வந்தால் சொல்லித்தருவேன் என்றார், நான் என்ன விமானத்தைத் தோளில் தூக்கிக்கொண்டா போவது? கடைசியில் நோரீன் என்ற பெயரைக் கார்னெட்தான் கொடுத்தார். வடக்கே ஒரு பூர்வகுடிக் கிராமத்துப் பெண், இதே ரக விமானத்தில் வருஷக்கணக்காக மீனும் பெட்ரோலும் பள்ளிப் பிள்ளைகளும் ஏற்றிப் போனவள், ஆசிரியர் லைசென்ஸும் உண்டு. "வர்றேன், ஆனா கடமான் வேட்டை முடிஞ்சுதான் வருவேன், எங்க அம்மா வீட்டுக்குக் கறி சேராம எங்கயும் நகர மாட்டேன்" என்றாள். வேட்டை முடிய அக்டோபர் பிறந்துவிடும், மாதக் கடைசியில் கரையோரம் பனிக்கட்டி பிடித்துவிடும். அப்பா வேறு ஆளைப் பார் என்றார். வேறு ஆள் எங்கே இருக்கிறார், சொல்லுங்கள், நானே போய்க் கூப்பிடுகிறேன் என்றேன். நோரீனுக்கே சரி என்று சொல்லிவிட்டோம்.

சொன்னபடியே வந்தாள், கையில் ஒரு தொடைக் கறியோடு. முதல் நாள் உன் அப்பா பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, மூக்கைத் தூக்கு, வேகத்தைக் குறை என்று ஆரம்பித்தார். நோரீன் எஞ்சினை நிறுத்திவிட்டுத் திரும்பி, "உர்ஹோ, இறங்குங்க. ரெண்டு வாத்தியார் பேச்சைக் கேட்டா மாணவி செத்துப்போவா. அதோட, நீங்க ஏறினது தெரிஞ்சா கம்பெனிக்காரன் என் கழுத்தைப் பிடிப்பான்" என்றாள். இத்தனை வருஷத்தில் அவரை அந்த விமானத்திலிருந்து யாரும் இறக்கியதில்லை. இறங்கிப் போய்க் கரையில் நின்றார். நோரீன் கறாரானவள் சிர்க்கா. காற்றில் இறங்கவைத்தாள், அலையில் இறங்கவைத்தாள், ஆனால் எனக்கு உதறல் எடுத்தது காற்றே இல்லாத நாளில்தான். தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தால் மேலே வானம், கீழேயும் வானம், இன்னும் எத்தனை அடி என்று கண்ணுக்குத் தெரியாது. "கண்ணை நம்பாதீங்க. மூக்கைக் கொஞ்சம் தூக்கி வெச்சுட்டு, எஞ்சினைக் கொஞ்சமா ஓடவிட்டு, காத்திருங்க. தண்ணி தானா வந்து தொடும். அவசரப்பட்டீங்க, போயிட்டீங்க" என்றாள். அந்தக் காத்திருப்பு இருக்கிறதே, உன்னைப் பெற்றபோதுகூட நான் அப்படிப் பயப்படவில்லை.

நேரமெல்லாம் முடிந்து, போன வெள்ளிக்கிழமை நான் முதல் தடவையாகத் தனியாகப் பறந்தேன். ஏரி அன்றைக்கு அசையவே இல்லை. தீவுக்கு அந்தப் பக்கம் இறங்கினேன், சொன்னது போலவே காத்திருந்தேன், தொட்டதுகூடத் தெரியாமல் தொட்டது. எஞ்சினைக் குறைத்து, கொஞ்ச நேரம் அப்படியே மிதந்துவிட்டுத்தான் தீவைச் சுற்றித் திரும்பினேன். வந்து பார்த்தால் உன் அப்பா துறையில் இல்லை, தொடையளவு தண்ணீரில் நிற்கிறார். அந்தக் குளிரில், அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு! நோரீன் பின்னாலேயே அவர் கோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறாள். உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா என்று நான் கத்தினேன். அவர் மிதவையைப் பிடித்துக்கொண்டார், விடவே இல்லை. "தீவுக்குப் பின்னால போனே, சத்தம் நின்னுபோச்சு. இறங்கிட்டியா விழுந்துட்டியான்னு தெரியல" என்றார். உதடு நீலமாக இருந்தது. பிறகு என்னைப் பார்த்து, "ஹெல்வி, நாப்பது வருஷமா உன்னை இப்படியா நிக்கவெச்சேன்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல, பொய்யா சொல்வது? சவுனா நீராவி அறையைச் சூடாக்கி உட்காரவைத்து, அவர் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே நான் அழுதேன். அவரும்தான்.

சனி ஞாயிறில் மிச்சத் தடவைகளும் தனியாகப் பறந்து முடித்தேன், நோரீன் எழுதிக் கொடுத்ததைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. செவ்வாயன்று அப்பாவை நானே விமானத்தில் டாக்டரிடம் கூட்டிப்போனேன், நெஞ்சு தேறவில்லை, இனித் தேறாது என்றும் சொல்லிவிட்டார், உனக்கு மறைக்க மாட்டேன். ஏரி உறைந்ததும் மிதவையைக் கழற்றிச் சறுக்குக் கட்டை மாட்டிக்கொள்வோம், இந்தக் குளிர்காலம் இங்கேதான். அடுத்ததைப் பற்றி இப்போது கேட்காதே, வீட்டுப் படங்களும் அனுப்பாதே கண்ணே. குழந்தைக்கு எங்கள் முத்தம். நீ நிறைந்த ஆயுசோடு, உனக்காகக் கரையில் நிற்க ஒரு ஆளோடு நன்றாக இரு. போன் செய்யும்போது அப்பா தண்ணீரில் இறங்கியதை நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. அம்மா எப்படி இறங்கினாள் என்று மட்டும் அவரைக் கேள்.

உன்னை எந்நேரமும் நினைத்திருக்கும்
அம்மா ஹெல்வி