காப்புக் கட்டிய ஊரில் காளான் பன்

அப்பா,

சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் புகை வாடை போகவில்லை. பரளச்சிப் பக்கம் விறகை மண் மூட்டம் போட்டுச் சுட்டு எடுத்த கருவேலங்கரி. நீங்கள் கடைக்கு வாங்குகிற அதே கரிதான். கடையைப் பூட்டி ஒரு வருசம் ஆகிவிட்டது, கரி மட்டும் சாக்கோடு அடுப்படி மூலையில் கிடந்தது. இன்று காலையில் அதில் ஒரு கை அள்ளிப் போட்டுப் பற்றவைத்தேன். விசிறியதும் முதலில் வந்தது உங்கள் சட்டை வாடை. பள்ளிக்கூடத்துக் காலத்தில் அந்தச் சட்டையை என் யூனிபார்மோடு சேர்த்து ஊறப்போடக் கூடாது என்று சண்டை போட்டவள், இன்று அடுப்பு முன்னால் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.

நேற்று உங்கள் வருசத் திதி முடிந்தது. நம் வீட்டு வழக்கப்படி திதி அன்றைக்குச் சைவம், மறுநாள் கறிப் படையல். போனவருக்கு உயிரோடு இருந்தபோது என்ன பிடிக்குமோ அதை இலையில் வைக்க வேண்டும். உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று அருப்புக்கோட்டையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் புரோட்டாக் கடை போட்டு, கறிச்சுக்கா தின்பதற்கென்றே மதுரையிலிருந்து ஆள் வர வைத்தவர் நீங்கள். ஆக்கிப் போட்டதில் பாதியை ருசி பார்த்தே தீர்ப்பவர் என்று அம்மா இருந்தபோது சொல்லிச் சிரிப்பாள். அம்மாவும் இல்லை, நான் ஒரே பிள்ளை. அதனால் பாலவனத்தத்து அத்தை போன மாசமே போனில் சொல்லிவிட்டார்.

"எந் தம்பிக்குச் சுக்கா வைக்கணும்த்தா. பெத்த பிள்ள கையால வைக்கணும். நீ திங்க வேணாம். ஆனா நீதான் வைக்கணும்."

"சரி அத்தை" என்றேன். சொல்லிவிட்டு, பெங்களூரிலிருந்து கிளம்பும்போது பை நிறையச் சிப்பிக் காளான் வாங்கிக்கொண்டேன். காளான் சாண்ட்விச் செய்து இலையில் வைத்துவிட்டால் கறியைத் தொடாமல் தப்பித்துக்கொள்ளலாம் என்று ஒரு கள்ளக் கணக்கு. அதுவும் அப்பாவுக்குப் பிடித்ததுதானே என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் எனக்கு நானே வக்கீலாகிப் பேசிக்கொண்டு வந்தேன்.

நான் கறியை விட்ட கதையை நீங்கள் ஒருநாளும் முழுசாகக் கேட்டதில்லை. பெங்களூரில் குடியிருந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு மாட்டுக் கொட்டகை. பால் கறக்கிற நேரத்தில் கன்றைத் தள்ளிக் கட்டுவார்கள், அது கத்திக்கொண்டே இருக்கும். அந்தக் கத்தலில் முதலில் பால் போனது, பிறகு முட்டை, பிறகு கறி. ஊருக்கு வந்து சொன்னபோது நீங்கள் தலையைச் சொறிந்தீர்கள்.

"கறிய விட்டது சரி தாயி. மோரு என்ன பாவம் செஞ்சுச்சு?"

அதோடு விட்டுவிட்டீர்கள். கடைக்கு வருகிறவர்கள் விடவில்லை. "சுக்காக்கடைக்காரர் மக கறி திங்கலையாம்ல. அவுக சுக்கா மேல அவுகளுக்கே நம்பிக்கை இல்லையோ?" என்று கேலி பேசுவார்கள். அதற்கு நீங்கள் ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தீர்கள். "அவளுக்கு வவுறு சேரலப்பா. டாக்டரு வேணாம்னுட்டாரு." கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்று நானே அதைக் கேட்டேன். ஊரைக் கூட்டிச் சொல்லலாம் என்று நான் நினைத்திருந்த கொள்கை, உங்கள் கடையில் ஒரு வயிற்றுக் கோளாறாகிவிட்டது. என்னால் நீங்கள் வெட்கப்படுகிறீர்கள் என்பது தெரிந்து எனக்கு வெட்கமாக இருந்தது. இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேச்சை முழுங்குவதில் நான் உங்கள் மகள்தான்.

அந்த வருசம் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு நான் லீவில் வந்திருந்தேன். காப்புக் கட்டிவிட்டால் பொங்கல் முடியும்வரை நம் தெருவில் கறி வாடையே இருக்கக் கூடாது. கடையில் வெறும் தோசையும் சட்னியும்தான். சுக்காச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கல்யாண வீட்டில் பந்தி கிடைக்காதவர் போல நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள்.

"சும்மாத்தான இருக்கேன். கறி மாதிரியே இருக்கும், ஆனா கறி இல்லன்னு என்னமோ சொல்வியே. அதச் செஞ்சு காட்டு பாப்போம்."

பால் இல்லாத பன் வேண்டும் என்றேன். நீங்களே பேக்கரிக்குப் போய்க் கேட்டீர்கள். "பாலு இல்ல, வெண்ணெ இல்ல, முட்ட இல்ல. அப்ப பன்னுல என்னதாம்ணே இருக்கும்?" என்று பேக்கரிக்காரர் சிரித்தாராம். ஆனாலும் மறுநாள் நமக்கென்று தனியாக மாவு பிசைந்து சுட்டுக் கொடுத்தார். காளானைக் கத்தி போடாமல் கையாலேயே நார் நாராகக் கிழிக்கச் சொன்னேன். வெந்த கறியை எலும்பிலிருந்து உரிப்பது போலவே கிழித்தீர்கள். தக்காளி, புளி, கருப்பட்டி, வறுத்து அரைத்த வத்தல் எல்லாம் சேர்த்து நான் காய்ச்சி இறுக்கினேன். பார்பிக்யூ சாஸ் என்று நான் பெருமையாகச் சொல்ல, "புளிக்குழம்புக்கு இனிப்புப் போட்டுட்டு இம்புட்டுப் பேரா" என்றீர்கள். கரி அடுப்பில் கம்பி வலையைப் போட்டு, காளானைப் புரட்டிப் புரட்டிச் சுட்டோம். பாதியில் உங்கள் கை தானாகச் சோம்புத்தூள் டப்பாவிடம் போனது. நான் கற்றுக்கொண்ட செய்முறையில் சோம்பே கிடையாது. ஆனாலும் நான் தடுக்கவில்லை. ஏன் தடுக்கவில்லை என்பதைத்தான் இவ்வளவு காலம் கழித்து உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சாஸ் தடவிய காளான் தணலில் பட்டதும் கிளம்பிய வாடை தெருமுனை வரை போயிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் கோயில் கமிட்டிக்காரர் ஒருவர், மணிக்கட்டில் மஞ்சள் காப்போடு கடை வாசலில் வந்து நின்றார். பின்னால் ஒரு கூட்டம்.

"ஏம்ப்பா, ஊரே காப்புக் கட்டியிருக்கு. நீ கறி சுடுறியே."

"கறி இல்லண்ணே. காளானு."

"காளானா? நார் நாராத் தெரியுது. வாட அந்தக் கோடி வரைக்கும் அடிக்குது. எங்களுக்கு மூக்கு இல்லையா?"

மிச்சமிருந்த பச்சைக் காளானைக் கொண்டுவந்து காட்டினீர்கள். "இது வேற, அடுப்புல கெடக்குறது வேற" என்றார்கள். அத்தனை பேரும் நம் கடையில் கை நனைத்தவர்கள். அதில் ஒருவர், அடுத்த பொங்கலுக்கு இவுக வீட்டில் வரி வாங்க வேண்டாம் என்றார். வரி வாங்கவில்லை என்றால் அந்தப் பொங்கலில் நமக்குப் பங்கில்லை, ஊரில் நாம் இல்லை. அம்மன் காரியம் எதற்கும் முதல் ஆளாக வேட்டியை மடித்துக் கட்டி நிற்கிற உங்களைப் பார்த்து அதைச் சொன்னார்கள். உங்கள் காது சிவந்துபோனது. என்னால்தான் இந்தத் தலைகுனிவு என்று நான் உள்ளே ஒடுங்கி நின்றேன். அப்போது நீங்கள் என் பக்கம் கையைக் காட்டினீர்கள்.

"எம் மக கறி திங்க மாட்டா. வவுறு சேரலன்னு ஒங்ககிட்டச் சொன்னேன்ல, அது பொய். அவளாத்தான் விட்டா. பாலு மோரு கூடத் தொட மாட்டா. எந்த உசுரும் நோகக் கூடாதுங்குறா. இது அவ கையால செஞ்சது. அவ திங்குறா, பாத்துக்கங்க."

பன்னைப் பிளந்து, உள்ளே காளானை அடைத்து என் கையில் கொடுத்தீர்கள். தெருவே என் வாயைப் பார்த்தது. நான் கடித்தேன்.

இந்த இடத்தில்தான் அப்பா எனக்கு இன்றைக்கும் முகம் கூசுகிறது. புகை, வத்தல் காரம், சோம்பு, பல்லில் சிக்குகிற அந்த நார். அது சுக்காவேதான். ஞாயிற்றுக்கிழமை சட்டியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி என் வாயில் ஊட்டுவீர்களே, அது. எந்த உசுரும் நோகக் கூடாது என்கிறவள் என்று ஊர் முன்னால் என்னைச் சத்தியமாக நிறுத்தியிருக்கிறீர்கள், நான் எச்சில் ஊற மனசுக்குள் வெள்ளாட்டுக் கறி தின்றுகொண்டிருந்தேன். சோம்பு டப்பாவை எடுத்தபோது தடுக்காததும் இந்த ருசிக்காகத்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கமிட்டிக்காரர் அதைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டார். "பிள்ளைய அழ வச்சிட்டோம்ப்பா, விடுங்க" என்று கூட்டத்தை அதட்டி, ஒரு துண்டு வாங்கி மென்று, "காளாந்தான்" என்று தீர்ப்பும் சொன்னார். நீங்களும் ருசித்து ரெண்டு தின்ன, சாயங்காலத்துக்குள் பன் எல்லாம் தீர்ந்துபோனது. காப்புக் கட்டிய ஊர், காப்புக் கட்டிய கையாலேயே வாங்கித் தின்றது.

நீங்கள் மட்டும் என் கண்ணீரை நம்பவில்லை. அடுப்பை அணைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டீர்கள்.

"சுக்கா மாதிரியே இருந்துச்சோ?"

நான் கம்பி வலையை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன்.

"விட்டது விட்டதுதான் தாயி. நாக்கு கேட்டா கேட்டுட்டுப் போகுது. அதுக்கு ஏன் மூஞ்சியத் தொங்கப் போடுற?"

"யார்ட்டயும் சொல்லிராதீங்கப்பா."

"நான் ஏஞ் சொல்லப்போறேன்" என்றீர்கள். சொல்லவும் இல்லை.

பெங்களூரில் அந்த சாண்ட்விச்சுக்கு நான் பேர்போனவள், தெரியுமா? லீவு நாளில் நண்பர்கள் வந்தால் அதைத்தான் செய்யச் சொல்வார்கள். கறியே தோற்றுவிடும் என்பார்கள். உனக்குக் கறி ஞாபகமே வராதா என்று யாராவது கேட்டால், "சேச்சே, அந்த நினைப்பே வராது" என்பேன். சொல்லிக்கொண்டே சாஸில் ஒரு சிட்டிகை சோம்பு போடுவேன். கறியை விடுவது எளிதாகத்தான் இருந்தது. விட்டதன் மேல் இன்னும் ஆசை இருக்கிறது என்று ஒரு ஆளிடம்கூடச் சொல்ல வாய் வரவில்லை. வயிற்றுக் கோளாறு என்று நீங்கள் சொன்ன பொய் பரவாயில்லை, அது என்னைக் காப்பாற்றுவதற்காக நீங்கள் சொன்னது.

இன்று காலையில் உங்கள் படத்துக்கு முன்னால் இலை போட்டு, சோறும் ரசமும் வைத்து, கரியில் சுட்ட காளான் பன்னையும் வைத்தேன். அத்தை வந்து பன்னைப் பிரித்துப் பார்த்தார்.

"இது என்னத்தா?"

"காளான் அத்தை. அப்பாவுக்குப் பிடிக்கும். கறி மாதிரியே இருக்கும்."

அத்தை சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன்.

"ஒனக்குன்னா சரி, நீ விட்டவ. எந் தம்பி எதையும் விடலையேத்தா. அவனுக்கு எதுக்குக் கறி மாதிரி?"

பஸ்ஸில் பேசிக்கொண்டு வந்த வக்கீல் அதோடு கேஸ் கட்டை மூடிவிட்டார். அத்தை கறி வாங்கியே வைத்திருந்தார். "நான் ஆக்கித் தாரேன், நீ எடுத்து வையி" என்று இறங்கியும் வந்தார். நானே ஆக்குகிறேன் என்றேன். அன்றைக்கு என் சாப்பாட்டுக்காகத் தெருவில் நின்றவர் நீங்கள். உங்கள் சாப்பாட்டுக்கு நான் அத்தையை நிறுத்துவதா?

கழுவும்போது கறி விரலுக்குள் வழுக்கியது. அந்த ஆட்டுக்குச் சொல்ல என்னிடம் ஒரு நியாயமும் இல்லை, இப்போதும் இல்லை. உங்கள் சட்டியைத்தான் அடுப்பில் ஏற்றினேன். வெங்காயம் உரித்துப் போட்டு, வத்தலும் சீரகமும் சோம்பும் இடித்துப் போட்டுச் சுருள வதக்கினேன். படையலுக்கு ஆக்குவதை யாரும் ருசி பார்க்கக் கூடாது, உப்புக்கூடப் பார்க்கக் கூடாது. போனவர்தான் முதலில் வாய் வைக்க வேண்டும். கறி தின்கிறவளும் தின்னாதவளும் அந்தச் சட்டி முன்னால் ஒன்றுதான். உப்பை நீங்கள் அள்ளுவது போல மூன்று விரலால் அள்ளிப் போட்டேன். கை தயங்கவே இல்லை. இத்தனை வருசம் சும்மா இருந்த கை அது.

சுக்காவை இலையில் வைத்தேன். பன்னையும் எடுக்கவில்லை. சூடம் காட்டி, கதவைச் சாத்தி, நீங்கள் சாப்பிடட்டும் என்று வெளியே நின்றோம். பிறகு காக்கைக்கு வைத்துவிட்டு, வந்தவர்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். அத்தை சுக்காவை வாயில் போட்டுக் கொஞ்ச நேரம் மென்றார். "அவன் போட்ட உப்பு மாதிரியே இருக்கு" என்றார். அடுத்து பன்னையும் பிட்டுத் தின்று பார்த்து, "இதுலயும் சோம்பு போட்டிருக்க" என்று என்னை ஒரு பார்வை பார்த்தார்.

நான் கை கழுவப் பின்பக்கம் போனேன். குழாயைத் திறப்பதற்கு முன்னால், யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, கையை முகர்ந்தேன் அப்பா. ரொம்ப நேரம் முகர்ந்தேன். நாக்கில் வைக்கவில்லை. விட்டது விட்டதுதான். ஆனால் எனக்கு அவ்வளவு பசித்தது. கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும் என்று சொல்ல ஆள் இல்லாமல், அந்தக் குழாயடியில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன்.

அதனால்தான் ஆரம்பத்தில் புகை வாடை என்று மட்டும் எழுதினேன். கையில் இருப்பது புகை மட்டும் இல்லை. கறி வாடை சோப்புக்குப் போகாது, புளி போட்டுத் தேய் என்று அத்தை ஒரு உருண்டை கொடுத்துவிட்டுப் போனார். புளி இந்த ஜன்னலிலேயே இருக்கிறது. பெங்களூர் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, அதுவரை வாடை கையிலேயே இருக்கட்டும்.