முப்பத்தோராம் டோக்கன்

11.12.72, திங்கள்

விடியமுதலே மழை. என் குடையில் கம்பி முறிவு. அப்பாவின் குடையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பாவம், பாடசாலைக்கு நனைந்துதான் போயிருப்பார். கல்லடிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. வாவி கலங்கித் தேத்தண்ணி நிறம்.

வங்கியில் முதல் நாள். பல்கலைக்கழக விடுமுறைக்குள் இரண்டு கிழமைப் பயிற்சி. மனேஜர் ஐயா என் கடிதத்தை ஆறுதலாக வாசித்தார். "படிச்சதெல்லாம் சரி மகள். இஞ்ச எதையும் தொட முந்திக் கேளுங்க." ஓம் என்றேன். சொன்ன வாய் மூடமுதல் கேட்காமல் ஒரு கதிரையில் உட்கார்ந்தேன். அது காசாளரின் கதிரை.

காசாளர் மிஸ் பிலோமினா. ஊர் நாவற்குடா. வயது முப்பது இருக்கும். எல்லாருக்கும் மிஸ், நான் அக்கா என்றேன், மறுக்கவில்லை. (இனி பி. அக்கா.) மண்நிறச் சேலை, கொய்யக மடிப்பில் மைப்பொட்டு. கதிரை விடயத்தில் கோபமில்லை. "சூடாக்கி வச்சிரிக்காய், நல்லம்" என்றார்.

கவனித்தது: கவுண்டரில் தொகையை வாயால் சொல்வதில்லை. துண்டுக் கடதாசியில் எழுதி, வந்தவருக்கு மட்டும் தெரியத் திருப்பிக் காட்டுகிறார். அவர் தலையாட்டிய பிறகே காசு வெளியே வருகிறது. ஏனென்று கேட்டேன்.

"பின்னால நிக்கிறது அவர்ர மச்சானா இரிக்கும். அவர்ர காசு அவருக்குத் தெரிஞ்சாப் போதும்."

நான் அதுவரைக்கும் மீன் ஏலம் கூறுவதுபோல் படிவங்களை உரக்க வாசித்துக்கொண்டிருந்தேன். பிறகு வாயே திறக்கவில்லை.

12.12, செவ்வாய்

மழை. செருப்பு வார் அறுந்தது. வாங்க: செருப்பு (அம்மாவிடம் கேட்க), நீல மை, தலைவலி எண்ணெய்.

எனக்கு வேலை தந்துவிட்டார்கள். காசெடுக்க வருபவரின் படிவத்தை வாங்கி, அதில் இலக்கத்தை எழுதி, அதே இலக்கமுள்ள பித்தளை டோக்கனைக் கையில் கொடுக்க வேண்டும். படிவம் உள்ளே போகும். ஆள் சுவரோர மர வாங்கில் உட்கார்ந்திருப்பார். பி. அக்கா இலக்கத்தைக் கூப்பிட டோக்கனைக் கொடுத்துவிட்டுக் காசு வாங்குவார். டோக்கன்கள் பின்னேரம் ஆணிப்பலகைக்குத் திரும்ப வேண்டும். ஒன்று குறைந்தாலும் பி. அக்காதான் பொறுப்பு. சின்னப்பிள்ளை வேலை என்று நினைத்தேன். மத்தியானத்துக்குள் கால் வீங்கிவிட்டது.

பெட்டக அறையின் கதவைப் பார்த்தேன். யானைக்கன்று போல் கனம். இரண்டு பூட்டு, இரண்டு திறப்பு. ஒன்று மனேஜர் ஐயாவிடம் (இனி ம. ஐயா), மற்றது பி. அக்காவிடம். இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும், பூட்டும். பி. அக்காவின் திறப்பு இடுப்பில் கறுப்புக் கயிற்றில். குளிக்கும்போதும் கழற்றுவதில்லையாம். லீவு என்றால் இரண்டாம் காசாளர் தம்பிப்பிள்ளை அண்ணனுக்குக் கையோடு கை கொடுத்து, இருவரும் ஒப்பம் வைக்க வேண்டும். வேறு ஆள் தொடக்கூடாது.

பெண்ணொருத்தியிடம் இந்தத் திறப்பு இருப்பது இந்தக் கிளையில் இதுதான் முதல் தடவை. பியோன் காசிம் காக்கா இதைத் தன் மகளுக்குக் கிடைத்ததுபோல் சொல்கிறார்.

அப்பா என்னை ரீச்சராகச் சொல்கிறார். பார்ப்போம்.

13.12, புதன்

மழை விடவில்லை. அம்மாவின் செருப்பில் போனேன், ஒரு விரல் வெளியே.

காசிம் காக்கா தேத்தண்ணி வைத்துக்கொண்டே: "மிஸ்ஸுக்கு நாளைக்கு லீவு. கல்முனையிலரிந்து மாப்பிள்ளை வீட்டாக்கள் பொண் பாக்க வாறாங்க."

சாப்பாட்டு நேரம் பி. அக்காவைக் குடைந்தேன். முதலில் கத்தரிக்காயைப் பற்றியே கதைத்தார். பிறகு தானாகச் சொன்னார். இதற்குமுன் இரண்டு இடம் வந்ததாம். நாவற்குடா வீடு பிடித்தது, பிள்ளையும் பிடித்தது, வேலைதான் பிடிக்கவில்லை. கலியாணம் முடிய வேலையை விடச் சொன்னார்கள். இவர் மாட்டேன் என்றார். போய்விட்டார்கள்.

"இவரையும் வேணாமெண்டு சொல்லுவீங்களா அக்கா?"

"இவர எனக்குப் புடிச்சிரிக்கு." சோற்றைப் பார்த்துச் சொன்னார். மாப்பிள்ளையைச் சின்னம்மாவின் மகள் கலியாணத்தில் கண்டாராம். பந்தியில் கிழவர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றாராம். "ஆனா தாய் கண்டிப்பான ஆளாம். அவ ஓம் எண்டாத்தான் ஓம்."

நாளை காலை வந்து, தம்பிப்பிள்ளை அண்ணனிடம் திறப்பைக் கொடுத்துவிட்டு, ஒன்பது மணிக்குள் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. பச்சைப் பட்டுச் சேலை அங்கே மடித்து வைத்திருக்கிறதாம். அவருக்கு நல்லபடி நடக்க வேண்டும். இரவு சாமியறையில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, அவருக்கு மட்டும் கேட்டேன். அவர் மாதா கோயில் வேதக்காரர், பிள்ளையார் குறை நினைக்கமாட்டார்.

14.12, வியாழன்

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

வெள்ளம். தம்பிப்பிள்ளை அண்ணன் வரவில்லை. வீடு படுவான்கரை, வாவிக்கு அந்தப் பக்கம். ஓடம் ஓடவில்லை என்று பொலிஸ்காரர் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். வெளியே கூட்டம். வெள்ளம் கூடமுன் காசெடுத்து அரிசி வாங்கி வைக்க வந்த சனம், கதவிலிருந்து வீதி வரைக்கும் குடை.

பி. அக்கா தலையில் பூவுடன், மண்நிறச் சேலையுடன் நிற்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை. "என்னட்டத் தாங்க அக்கா. அண்ணன் வந்தாக் குடுக்கிறன்."

"நீ நல்ல பிள்ளை. அதாலதான் தரமாட்டன். நாளைக்கு ஒண்டு நடந்தா உன்னையும் பிடிப்பாங்க."

ம. ஐயா தயங்கித் தயங்கி, இன்றைக்கு மட்டும் இரண்டையும் தானே வைத்திருக்கலாமோ என்றார். பி. அக்கா சிரித்தார். "ரெண்டும் ஒரு கையில இரிந்தா ரெண்டு எதுக்கு ஐயா?" ஐயாவும் சிரித்துவிட்டார். சிரித்த முகத்தில் கவலை. பிறகு இருவரும் போய்த் திறந்தார்கள்.

பூவைக் கழற்றி மேசை லாச்சியில் வைத்துவிட்டுக் காசாளரின் கம்பிக் கூட்டுக்குள் போனார். நான் வெளியே பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்தேன்.

பத்துக்குப் பிறகு அவர் தம்பி சைக்கிளில் வந்தார். மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள், வீட்டில் இருக்கிறார்கள். "வரமாட்டியா?" "பெட்டகத்தப் பூட்டாம வர ஏலா. போய்ச் சொல்லு." அவர் நனைந்தபடியே திரும்பிப் போனார்.

இனி என் கூத்து. கூட்டத்தில் மூச்சுமுட்ட டோக்கன் கொடுக்கிறேன். வெள்ளைச் சேலை, தடித்த கண்ணாடி, கறுப்புக் குடை, ஒரு அம்மா. "காசு குடுக்கிற பிள்ளையப் பாக்க வேணும்."

"எல்லாரும் அவங்களப் பாக்கத்தான் நிக்கிறாங்க அம்மா. இதப் புடிச்சிட்டு வாங்கில இரிங்க."

முப்பத்தோராம் டோக்கன். படிவம் கேட்கவேயில்லை. அவரும் வாங்கிக்கொண்டு, ஏறாவூர் உம்மா ஒருவருக்கும் பென்சன்காரர் ஒருவருக்கும் நடுவில் அடக்கமாக இருந்தார். வெகுநேரம் இருந்தார். கவுண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முப்பது முடிய, பி. அக்கா வரிசைப்படி முப்பத்தொன்று என்று கூப்பிட்டார். அந்த அம்மா எழும்பிப் போனார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"உங்கட படிவம் இஞ்ச இல்லையே அம்மா."

"படிவம் இல்ல மனே. நான் கல்முனையிலரிந்து வந்த. உன்னப் பாக்க."

மாப்பிள்ளையின் தாயை அரிசிக் காசுக் கூட்டத்தோடு வாங்கில் இருத்தி வைத்திருக்கிறேன்.

பி. அக்காவின் முகம் சிவந்தது. எழும்பிக் கும்பிட்டார். எழும்பின கையோடு பின்னால் நிற்பவர்களைப் பார்த்தார். "அம்மா, குறை நினைக்காதீங்க. இவங்கள் வெள்ளத்துக்குள்ள தூரம் போக வேணும். ஒரு மணிக்குக் கதவு சாத்தினவுடன வாறன்."

அந்த அம்மா மறுபேச்சில்லாமல் வாங்கிற்குத் திரும்பினார். பி. அக்கா அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டார். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. ஏறாவூர் உம்மாவின் நனைந்த காசுப் புத்தகத்தை ஒற்றுத்தாளால் ஒற்றி, துண்டில் தொகை எழுதி, திருப்பிக் காட்டி, எல்லாம் திங்கட்கிழமை செய்தது போலவே. எனக்கு அவரைக் கும்பிட வேண்டும் போலவும் இருந்தது, பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது.

கதவு சாத்தமுன் நிமிர்ந்து பார்த்தேன். வாங்கில் அந்த அம்மா இல்லை.

15.12, வெள்ளி

மழை குறைவு. தம்பிப்பிள்ளை அண்ணன் சேறும் சகதியுமாக வந்து சேர்ந்தார். திறப்பை வாங்கிக்கொள்ளவா என்று கேட்டார்.

நேற்று மாப்பிள்ளை வீட்டார் நாவற்குடாவில் தேத்தண்ணி குடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார்களாம். மாப்பிள்ளை மட்டும் படலையில் நின்று தம்பியிடம் "அவங்களுக்குச் சுகமா?" என்று கேட்டாராம்.

டோக்கன் ஒன்று குறைவு. முப்பத்தொன்று. அந்த அம்மா கொண்டுபோய்விட்டார். பி. அக்கா தன் பெயரில் அறிக்கை எழுதினார். என் பிழை என்று சொன்னேன். "நீ பயிற்சிக்கு வந்த பிள்ளை" என்றார், அவ்வளவுதான்.

லாச்சியைத் திறந்தபோது வியாழக்கிழமைப் பூ கறுத்துக் கிடந்தது. அதை எடுக்கப் போனவர் அப்படியே லாச்சியை மூடிவிட்டுப் பின்பக்கம் போனார். நான் போனேன். அழுதுகொண்டிருந்தார், சத்தமில்லாமல்.

"திறப்பக் குடுத்துட்டுப் போயிரிக்கலாம் எண்டு நினைக்கிறீங்களா அக்கா?"

"இல்லகா. அதுதான் அழுகை வருது."

17.12, ஞாயிறு

வெயில். பாய், தலையணை எல்லாம் முற்றத்தில். அப்பா செருப்பு வாங்கித் தந்தார், ஒரு அளவு பெரிசு. வங்கிச் சோதனை எழுதப் போவதாக அவரிடம் சொன்னேன். "ரீச்சர் வேலைக்கு என்ன குறை?" குறை ஒன்றுமில்லை. எனக்கு அந்தக் கம்பிக் கூட்டுக்குள் இருக்க வேண்டும். அப்பா பத்திரிகையை விரித்தார். பிறகு பேசுவோம் என்று அர்த்தம்.

பி. அக்காவை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

18.12, திங்கள்

நல்ல வெயில். கூட்டம் கொஞ்சம். புதுச் செருப்பில் கடதாசி அடைத்துக்கொண்டு நின்றேன்.

பதினொரு மணியளவில் கறுப்புக் குடை. அதே அம்மா. அவர் என்னிடம் வரவில்லை. நேரே வரிசையின் கடைசியில் போய் நின்றார். முன்னுக்கு வரச் சொல்லி காசிம் காக்கா கெஞ்சினார். "எண்ட முறை வரட்டும் தம்பி."

முறை வந்தது. கைக்குட்டை முடிச்சை அவிழ்த்துக் கம்பிக்குள்ளால் நீட்டினார். முப்பத்தோராம் டோக்கன். புளி போட்டுத் தேய்த்திருக்க வேண்டும், பளபளவென்று.

"அண்டைக்குத் தண்ணி ஏறுது எண்டு கார்க்காரன் வந்து இழுத்துட்டுப் போயிட்டான் மனே. இது கையோட வந்திட்டு. வெத்திலத் தட்டத்தில வச்சு உங்கட வீட்ட குடுக்கத்தான் நினைச்ச. மறுகா யோசிச்சன், இது வங்கிச் சாமான், வங்கியிலதான் குடுக்க வேணும்."

பி. அக்கா டோக்கனை வாங்கினார்.

"வாற ஞாயிறு கலியாணம் பேசத் தட்டத்தோட வாறம். ஞாயிறெண்டா வங்கி பூட்டித்தானே கிடக்கும்." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தாழ்ந்த குரலில், பின்னால் நிற்பவருக்குக் கேளாமல்: "எங்கட திறப்பு, பூட்டு எல்லாத்தையும் உன்னட்டத் தந்துட்டு நான் நிம்மதியா இரிக்கலாம். இந்த வேலைய மட்டும் விட்டுராத."

குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பி. அக்கா டோக்கனை அதன் ஆணியில் மாட்டினார். விழுந்தது. எடுத்துத் திரும்பவும் மாட்டினார். அடுத்த இலக்கத்தைக் கூப்பிட வாயைத் திறந்தார், குரல் வரவில்லை. நான் கூப்பிட்டேன்.