கை கொடுக்காதே

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் உடம்பைப் பற்றிப் பேசினால் மாமா காதில் விழுகிறது, அவர் முகம் சுருங்கிப் போகிறது என்றாய். அதனால் எழுதுகிறேன்.

நான் பாஸ். இரண்டு வருடப் படிப்பு, ஆஸ்பத்திரிப் பயிற்சி, பரீட்சை எல்லாம் முடிந்து பதிவும் கிடைத்துவிட்டது. இனி நான் முறைப்படி ஆக்குபேஷனல் தெரபி உதவியாளர். வேலை வாங்கித் தருகிற ஆபீஸா என்று பக்கத்து வீட்டம்மா மறுபடி கேட்டால், பக்கவாதம் வந்தவர்களுக்குச் சட்டை போடவும் சாப்பிடவும் திரும்பப் பழக்குகிறவள் என்று சொல்லிவிடு.

மாமாவுக்கும் பக்கவாதம்தானே. அவரை வந்து பார்த்த தெரபிஸ்ட் எழுதிக் கொடுத்ததை அப்படியே செய். அதை மாற்ற எனக்கு உரிமை இல்லை. அவர் போட்ட திட்டத்தைச் செய்ய வைப்பதுதான் என் வேலை. ஆனால் உன்னை எனக்குத் தெரியும். மாமா தும்மினால் நீ மூக்கைத் துடைப்பாய். அதனால் ஒன்றே ஒன்று சொல்கிறேன்: கை கொடுக்காதே. திணறட்டும். திணறினால்தான் அந்த வலது கை வழிக்கு வரும்.

உன் வாலு

ஏப்ரல் 19

அடி வாலு,

பாஸ் என்று வாசித்ததும் கத்தியே விட்டேன். உன் மாமாவும் சிரித்தார், ஒரு பக்க வாயால்.

நல்ல உத்தியோகம்டி உன்னுடையது! பேர் உதவியாளர், சொல்வதெல்லாம் உதவி செய்யாதே என்று. அத்தனை வருஷம் பஸ் ஓட்டின மனுஷன் ஒரு பித்தானோடு மல்லுக்கட்டுவதைப் பார்க்க முடியவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "நீங்களே போடுங்க, நான் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சமையலறையில் போய் அழுகிறேன். நேற்று ஒன்றைப் போட்டுவிட்டார், தப்பான ஓட்டையில். அப்படியே விட்டுவிட்டேன்.

சாயங்காலம் சோபாவில் உட்கார்ந்திருக்கும்போதும் மனுஷன் சும்மா இருப்பதில்லை. வலது கையை மெல்ல நகர்த்தி என் பக்கம் நீட்டுகிறார். பேச்சில் மிச்சமிருப்பது "இங்க" மட்டும்தானே. "இங்க, இங்க" என்கிறார். எழுப்பிவிடச் சொல்கிறார் போல. "ஆசையப் பாரு! உங்க மச்சினிச்சி என்னைத் திட்டுவா" என்று தள்ளி உட்கார்ந்துகொள்கிறேன். ஒரு தரம்கூடக் கை கொடுக்கவில்லை. சரிதானே?

உன் அக்கா

ஏப்ரல் 26

அக்கா,

வலது கையையா நீட்டினார்? வாசித்ததும் வார்டில் எல்லாரிடமும் சொல்லிக் குதித்தேன். எங்கள் தெரபிஸ்ட் மட்டும், "எந்திரிக்கப் பாக்குறவங்க கைய ஊன்றுவாங்கம்மா, நீட்ட மாட்டாங்களே. எதுக்கு நீட்டினாராம்?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அக்கா, அவர் எழுந்திருக்கக் கேட்கவில்லை. உன் கையைப் பிடித்துக்கொள்ளக் கேட்கிறார். நான் கை கொடுக்காதே என்றது பித்தானுக்கு, சாப்பாட்டுக்கு. அதற்குக் கொடுக்காதே. மற்ற நேரம் பக்கத்தில் போய் உட்கார். நீட்டினால் பிடித்துக்கொள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்.

போனைக் கையில் எடுத்தேன். இதை எப்படி வாயால் சொல்வது என்று வைத்துவிட்டேன். இன்றே தபாலில் போடுகிறேன்.

வாலு

மே 11

வாலு,

நீ ஊருக்குக் கிளம்பின மறுநாள் உன் கடிதம் வந்தது.

கடைசி நாளும் நீட்டினார். நான் தள்ளித்தான் உட்கார்ந்தேன். விடிந்து எழுப்பினால் எழவில்லை. இரண்டாவது தடவை பக்கவாதம் வந்திருக்கிறது, தூக்கத்திலேயே போய்விட்டார் என்றார் டாக்டர்.

நீ ஓடி வந்தாய். என் பக்கத்திலேயே படுத்தாய். எனக்கு ஊட்டிவிட்டாய். "மாமாவ நல்லாத்தான் பாத்துக்கிட்டே அக்கா" என்று தலையைத் தடவினாய். அப்போதே உனக்குத் தெரியும். தபால்காரர் மணியடித்தபோதெல்லாம் நீதானே வாசலுக்கு ஓடினாய்? எனக்கு வேலை வைக்காமல் ஓடுகிறாள் என்று நினைத்தேன்.

எனக்குத் தெரியாமலே போகட்டும் என்று நினைத்திருப்பாய். பாசத்தில்தான் செய்தாய். ஆனால் ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா? அவர் காதில் விழுந்தால்தான் என்னடி? சந்தோஷப்பட்டிருப்பாரே.

உன் மேல் கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. இனி நான் என்ன செய்யட்டும், சொல். வேண்டாம், சொல்லாதே. எனக்கு ஒன்றும் எழுதாதே. நீ எழுதினால் நான் அப்படியே செய்துவிடுவேன்.

அக்கா