ஆறில்லாத ஊருக்கு ஒரு கேள்வி

டீச்சர்,

காலையில் வடைத் தட்டில் விரிக்க, அலமாரிக்குப் பின்னால் கிடந்த பழைய காகிதக் கட்டை உருவினேன். மேல் தாளில் சைக்ளோஸ்டைல் மை வாசம் இன்னும் போகவில்லை. முகர்ந்து பார்த்தேன். "என்ன, மல்லிப்பூவா?" என்றாள் என் மனைவி. விரிக்க மனசு வரவில்லை. நீங்கள் போய் ஆறு மாதம் ஆகிறது. மூன்றாம் வகுப்போடு நின்றவன் உங்களுக்குக் கடிதம் எழுதுகிறேன் என்றால், சிவப்பு மையால் சுழிக்க நீங்கள் இல்லை என்ற தைரியம்தான்.

தொண்ணூறுகளில் மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களில் சமூக அறிவியல் ஆசிரியர்களுக்குத் தலைமை தாங்கியவர்கள் சேர்ந்து சங்கம் வைத்திருந்தீர்கள். நீங்கள் செயலாளர். மாதம் ஒரு சனிக்கிழமை அம்பாசமுத்திரத்தில் உங்கள் பள்ளியில் கூட்டம், டீ என் கடையிலிருந்து.

"எல்லாரும் தலைவருங்கிய. தொண்டர் யாரு டீச்சர்?"

"நீங்கதான் அண்ணாச்சி. பேசாம டீயக் குடுங்க."

உங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகளுக்குப் போகும் எந்தக் கேள்வித்தாளையும் முதலில் படிக்காத ஒருவருக்கு வாசித்துக் காட்டவேண்டும். புரியவில்லை என்றால் கோளாறு கேள்வியில். அந்தப் படிக்காத ஒருவர் நான். எனக்கு அந்தப் பதவியில் பெருமைதான்.

அன்றைக்கு வாசித்தது, பிள்ளைகள் தங்கள் ஊரை அறியும் கேள்வித்தாள். மாவட்டம் முழுக்கப் போகவேண்டியது. படிகள் எடுத்து மேசையில் அடுக்கியாகிவிட்டது. திங்கட்கிழமை கல்வி அதிகாரி ஒப்புக்கொண்டால்தான் பள்ளிகள் வாங்கிக்கொள்ளும். இரண்டு வருஷம் அதற்காகத்தான் அலைந்தீர்கள்.

"உன் ஊரில் ஓடும் ஆற்றின் பெயர் என்ன?" என்று முதல் கேள்வியை வாசித்தீர்கள்.

"எங்க ஊருல ஆறே கிடையாதே" என்றேன். ராதாபுரத்துப் பக்கம், பனங்காட்டுக்குள் என் ஊர்.

முழித்தீர்கள். தாமிரபரணித் தண்ணீரில் வளர்ந்த பதினோரு தலைவர்களும் சேர்ந்து முழித்தார்கள். எனக்கு ஒரே சிரிப்பு.

சங்கத் தலைவர் பிள்ளைவாள் எரிச்சலாகச் சொன்னார்: "ஒத்தக் கேள்விதானம்மா? டீக்கடைக்காரருக்காவவா நிப்பாட்டணும்?"

"அண்ணாச்சிக்காவ இல்ல சார். அந்தப் பக்கத்துப் பிள்ள முதக் கேள்வியிலேயே தப்பாயிரும். அதுக்காவ."

பிறகு என் பக்கம் திரும்பினீர்கள். "அப்ப எப்படிக் கேக்கணும் அண்ணாச்சி?"

அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. கிண்டல் வாயிலேயே நின்றுவிட்டது. "வீட்டுக்குத் தண்ணி எங்கேருந்து வருதுன்னு கேளுங்களேன்" என்றேன், பைய.

அடுக்கிய படிகளை என் கடையில் போட்டுவிட்டு, திங்கட்கிழமை அதிகாரியிடம் வெறுங்கையோடு போனீர்கள். அதிகாரி அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். பிள்ளைவாள் மூன்று கூட்டத்துக்கு என் டீயைத் தொடவில்லை. உங்களுக்கு வருத்தம்தான், ஆனாலும் என்னிடம் ஒரு சொல் கடிந்து சொல்லவில்லை.

அடுத்த வருஷம் தாள் போனது. விடைத்தாள்களைக் கடைக்கே தூக்கிவந்து வாசித்தீர்கள். குளம், கிணறு, லாரி என்று விதவிதமாக. எங்கள் ராதாபுரத்துப் பக்கம் ஒரு சிறுமி, 'எங்கள் அம்மாவின் இடுப்பிலிருந்து' என்று எழுதியிருந்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். "இதுக்கு எத்தன மார்க்கு டீச்சர்?" என்றேன். "போடத் தெரியல அண்ணாச்சி" என்றீர்கள்.

இப்போதும் கடைக்குப் புதிதாக யார் வந்தாலும் அதையேதான் கேட்கிறேன். நேற்று ஒரு பையன் பைப்பிலிருந்து என்றான். பைப்புக்கு எங்கேருந்து என்றேன். டீயைக் கீழே வைத்துவிட்டு யோசித்தான். அவன் யோசித்து முடிக்கட்டும் என்று, ஆறிப்போன டீயைக் கொட்டிவிட்டு வேறு போட்டுக் கொடுத்தேன்.